மறுமுனையில் ஓர் ஆண்

1

இந்தக் கதை ஒரு குறிப்பிலிருந்து வந்தது. அதை எழுதியவன் நான் இல்லை. ஒட்டுக்கேட்கும் துறையில் சம்பளம் வாங்கிய யாரோ ஒருவர் எழுதியது:

"பெண் எட்டு நிமிடம் பேசினாள். மறுமுனையில் ஓர் ஆண், வயதானவர். 'ஹலோ' என்றதோடு சரி. பிறகு பேசவில்லை. அழுகை. உறவு தெரியவில்லை. பொருட்படுத்த வேண்டியதில்லை."

எழுதியவருக்கு இலக்கிய ஆசை எதுவும் இருந்திருக்காது. ஆனால் நாற்பது வருஷமாகக் கதை எழுதும் எனக்கு இத்தனை சிக்கனம் ஒருநாளும் கைகூடியதில்லை. பொறாமையாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. கோபம் எந்தச் சொல்லின் மேல் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

போன மாதம், இன்னாரென்று இன்றுவரை தெரியாத சிலர் அந்தத் துறையின் கணினிக் கிடங்கை உடைத்து, உள்ளே இருந்ததை எல்லாம் இணையத்தில் கொட்டிவிட்டார்கள். ஒரு தேடல் பெட்டி. அதில் பெயரையோ எண்ணையோ தட்டினால், கண்காணிக்கப்பட்டவரின் வருஷக்கணக்கான பேச்சு, அழைப்புக்கு ஒரு குறிப்பாக வந்து நிற்கும். துறைக்கு ஒரு விதி இருந்ததாம்: கண்காணிக்கப்படாதவரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும். அதனால் மறுமுனையில் இருந்தவரின் எண் மட்டும் கறுப்புக் கட்டங்களாக இருந்தது. என்ன நாகரிகம்!

அந்த வாரம் ஊரைப் பார்த்திருக்க வேண்டும். எல்லோரும் ஒரே கனவைக் கண்டு ஒரே நேரத்தில் எழுந்தவர்கள் போல நடந்தார்கள். பேருந்தில் ஒருவர் கைப்பேசியைப் பார்ப்பார், தலை நிமிர்ந்து எதிரில் இருப்பவரைப் பார்ப்பார், மறுபடி கைப்பேசிக்குள் போய்விடுவார். வீடுகளில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மாடியில் துணி உலர்த்துகிறவர்கள் வாயசைப்பில் பேசிக்கொண்டார்கள். பட்டப்பகலில், தெரு முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல ஓர் அமைதி.

அந்த அமைதிக்குள் ஒரு பெரியவரை நடக்க விடுகிறேன். அவர் நான் அல்ல. எங்கள் குடும்பத்தைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசியதில்லை. பேச நான் விட்டதில்லை. எனவே இதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

2

தொடக்கம் ஒன்று: [பெரியவர் மகளை மன்னிக்கவில்லை, ஆனால் தொலைபேசியை வைக்கவும் இல்லை.]

அடித்துவிட்டேன். கடைசியில் வர வேண்டியதை வாசலிலேயே வைப்பது அவசரக்காரர்கள் வேலை.

தொடக்கம் இரண்டு: [வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.]

பெய்யவில்லை. அந்த அழைப்புகள் வந்த எந்த நாளிலும் மழை பெய்ததாக எனக்கு நினைவில்லை. (எனக்கு எப்படி நினைவிருக்கும் என்று கேட்காதீர்கள். கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் நினைவிருக்கும்.)

தொடக்கம் மூன்று, இப்போதைக்கு இருக்கட்டும்: பெரியவர் பத்திரம் எழுதுகிறவர். வீட்டின் முன்னறைதான் அவர் அலுவலகம். ஒரு மேசை, பத்திரம் எழுத வரும் கட்சிக்காரர்கள் உட்கார ஒரு பெஞ்சு, முத்திரைத் தாள் வைக்கும் இரும்பு அலமாரி, சாம்பல் நிறத் தொலைபேசி. அந்தத் தொலைபேசியை வீட்டில் வேறு யாரும் தொடுவதில்லை. 'ஆபீஸ் போன்' என்று அதற்குப் பெயர்.

தொடக்கங்களை அடித்தபடியே விட்டிருப்பதைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். பத்திரத்தில் பிழையைச் சுரண்டி அழிக்கக் கூடாது. மேலே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் சுருக்கொப்பம். இன்ன பக்கத்தில் இத்தனை அடித்தல், இத்தனை திருத்தல் என்று கடைசியில் எண்ணிக்கை போட வேண்டும். தவறு செய்வது குற்றமில்லை, தவறே நடக்காதது போலக் காட்டுவதுதான் குற்றம் என்பது எங்கள் தொழிலின் நியாயம்.*

* 'எங்கள்' என்று எழுதிவிட்டேன். அடிக்கவில்லை.

பெரியவருக்கு மனைவி உண்டு. மருந்துக்கடை வைத்திருக்கும் மகன், மருமகள் உண்டு. ஒரு மகள் இருந்தாள். வீட்டில் அவளுக்கு 'வாலு' என்று பெயர். பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு நாள், பத்திரிகை நிருபர் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு, செய்த பிறகு வந்து சொன்னாள். பெரியவர் கத்தவில்லை. கத்துவது அவர்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. "இனிமே என்னை அப்பான்னு கூப்பிடாதே" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அடுத்த மாதமே போன் வந்தது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி. அவள் பேசினாள். அவர் பேசவில்லை, வைக்கவும் இல்லை. எட்டு நிமிடம் கழித்து அவளே வைத்தாள். "யாருங்க போன்ல?" என்று உள்ளிருந்து மனைவி கேட்டாள்.

"ராங் நம்பர்" என்றார் பெரியவர்.

பதினோரு வருஷம், மாதாமாதம் அந்த எண் தவறாகவே இருந்தது.

3

அந்த நிருபர் ஆட்சியாளர்களைப் பற்றி என்னென்னவோ எழுதிக்கொண்டிருந்தவன். அதனால் அவன் வீட்டுப் போன் ஒட்டுக்கேட்கப்பட்டது. அதனால் அவன் பெயரைத்தான் ஊரே முதலில் தேடியது. அந்தக் கோப்புக்குள் போனவர்களுக்கு அரசியலைவிட அந்தப் பேசாத ஆண் பிடித்துப்போய்விட்டது.

முடிதிருத்தும் கடையில் பெரியவர் கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் டிரைவிங் ஸ்கூல்காரர், முகமெல்லாம் சோப்பு நுரை.

"படிச்சீங்களா அண்ணே, அந்த நிருபர் வீட்டு ஃபைலை?" என்றார் கடைக்காரர். "பதினோரு வருஷம்! அந்தப் பொண்ணு பேசிக்கிட்டே இருக்கு, அந்தாளு வாயே திறக்கல."

"காது கேக்காதோ என்னமோ."

"காது கேக்காதவன் எதுக்கு எட்டு நிமிஷம் போனைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கான்?"

"பொண்டாட்டி பக்கத்துல இருந்திருப்பா. எங்க வீட்லயும் நான் இப்படித்தான்."

"விளையாடாதீங்க. மனுஷன் அழுதிருக்கான். எனக்கென்னமோ அந்தாளு பெரிய மனுஷனா இருப்பான்னு தோணுது."

"பெரிய மனுஷன்னா ரெண்டு வார்த்தை பேசியிருப்பான். இது சரியான கல்லுளிமங்கன்."

பெரியவர் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினார்.

"ஆட்டாதீங்க சார், காது போயிடும்" என்றார் கடைக்காரர். "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"அடுத்தவங்க பேச்சைப் படிக்கிறது அசிங்கம்."

"அரசாங்கமே உக்காந்து கேட்டிருக்கு சார். நாம படிச்சாத்தான் அசிங்கமா?"

பெரியவர் கண்ணாடியைப் பார்த்தபடி நேராக உட்கார்ந்தார். அவருக்கு ஆத்திரம் கல்லுளிமங்கன் என்றதில் இல்லை. அது ஒருவகையில் பாராட்டு. 'அழுகை' என்ற சொல்தான் சவரக்கத்தியைவிடக் கூர்மையாக இருந்தது. அவர் அப்பா இறந்தபோது அவர் கண் கலங்கியதை யாரும் பார்த்ததில்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது கை நடுங்குகிறவர்களை அவர் மதித்ததும் இல்லை. அப்படிப்பட்டவரை அழுதார் என்று எவனோ எழுதி வைப்பதா? அது சளி. அந்த அறையில் பழைய தாள்களின் தூசி. பதினோரு வருஷமும் அவருக்குச் சளி இருந்தது.

[அவருக்குச் சளி இருந்தது.]

வாக்கியத்தை அடிப்பதா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அடித்துவிட்டேன்.

4

இங்கே கதைக்கு ஒரு வசதி இருக்கிறது. நிருபரின் மனைவி யார் மகள் என்று ஊருக்குத் தெரியாது, மறுமுனையில் இருந்தது யார் என்றும் யாருக்கும் தெரியாது. எண் கறுப்புக் கட்டம். 'உறவு தெரியவில்லை' என்றே எழுதியிருக்கிறார்கள். ஏனென்றால் பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அப்பா என்று கூப்பிடவில்லை. கூப்பிடாதே என்று சொன்னதை அப்படியே கடைப்பிடித்தாள். சொல்லைக் காப்பாற்றுவதில் அவள் எங்கள் குடும்பத்துப் பெண்.

எனவே பெரியவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் குடும்ப மானம் பத்திரம். கதையும் இங்கேயே முடியும். முடித்திருப்பேன். மறுநாள் காலை கூடத்தில் நடந்ததை அவர் கேட்காமல் இருந்திருந்தால்.

மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மருமகள் கைப்பேசியிலிருந்து தாழ்ந்த குரலில் படித்துக்கொண்டிருந்தாள்.

"'வீடு மாற்றம். புது வீட்டில் வெயில் அதிகம்.' அடுத்தது அத்தை, 'குழந்தைக்கு ஜுரம், பல் முளைக்கிறது.'"

மடித்த கை நின்றது. "குழந்தை இருக்கா?"

"ஆமா அத்தை."

"பையனா பொண்ணா?"

"பொண்ணுன்னு போட்டிருக்கு."

மனைவி ஒரு துண்டை உதறி மடித்தாள். மடித்ததை உதறி மறுபடி மடித்தாள். "யாருடி அந்த ஆளு?"

"தெரியல அத்தை. யாரோ வயசானவராம்."

"பல் முளைச்சதை எல்லாம் சொல்லியிருக்காளே."

"ம்."

"யாரோ ஒரு கிழவனுக்கு மாசாமாசம் கூப்பிட்டு எல்லாத்தையும் சொல்லியிருக்கா. பெத்தவளுக்கு ஒரு போன் பண்ண மனசு வரல." அவள் குரல் உயரவில்லை. "போகட்டும். எங்கேயோ நல்லா இருக்கட்டும். இனிமே இதைப் படிக்காதேம்மா."

பிறகு முன்னறை வாசலில் நின்றிருந்த கணவரை நிமிர்ந்து பார்த்தாள். "கேட்டீங்களா உங்க மக செஞ்சதை?"

"ம்" என்றார் பெரியவர்.

பத்தொன்பது வருஷமாக அவள் மகளைப் பற்றிக் குறை சொன்னதில்லை. போன் பண்ணவில்லையே என்று ஏங்கியிருக்கிறாள், அவ்வளவுதான். அன்றுதான் முதல் தடவையாக 'உங்க மக' என்றாள்.

5

இதற்குப் பிறகு நல்ல கதையில் பெரியவர் மனம் திருந்த வேண்டும். இவர் திருந்தவில்லை. படிவம் வாங்கப் போனார்.

அரசாங்கம் மன்னிப்புக் கேட்டு ஓர் அறிவிப்பு வெளியிட்டிருந்தது. குறிப்புகளை இனி அழிக்க வழியில்லை. ஆனால் பிழை இருப்பதாகக் கருதுகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் திருத்த மனு கொடுக்கலாம். பிழைத்திருத்தப் பத்திரம் எழுதுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயரெடுத்தவர் பெரியவர். ஒரு சொல்தானே? அடித்து, திருத்தி, ஒப்பம் வைத்துவிட்டு வந்தால் ஆயிற்று என்று நினைத்தார்.

அலுவலகம் ஓர் உயரமான கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருந்தது. நீளமான கூடம், வெளிர் நீலச் சுவர், மங்கிப்போன குழாய் விளக்குகள். வரிசையில் முப்பது நாற்பது பேர். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் எல்லோரும் எல்லோரையும் படித்திருந்தார்கள். முன்னால் நின்ற பெண் திரும்பி அவரைப் பார்த்து மெதுவாகச் சிரித்தாள், எங்கோ ஒரு கனவில் சந்தித்தவளைப் போல. அவர் சிரிக்கவில்லை. வரிசை நகர்வது தெரியாமல் நகர்ந்தது.

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு மூக்குக்கண்ணாடி நுனிவரை இறங்கியிருந்தது.

"'அழுகை'ன்னு இருக்கிறதை 'சளி'ன்னு மாத்தணும். இவ்வளவுதானா ஐயா?"

"இவ்வளவுதான்."

அவள் திரையைப் புரட்டினாள். "நூத்திமுப்பது போன் இருக்கு. பதினோரு வருஷமாவா சளி?"

"நாள்பட்ட சளி."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" அவள் கேலி செய்கிறாளா, அக்கறையா என்று தெரியவில்லை. "சரி. பேரு எழுதியிருக்கீங்க. அடுத்த கட்டம் காலியா இருக்கே."

"எது?"

"உறவு. பேசின பெண்ணுக்கு நீங்க என்ன வேணும்?"

"அது அவசியமா?"

"ரோட்ல போறவரு வந்து இது என் மூக்குன்னு சொன்னா நாங்க எப்படி நம்பறது? உறவு எழுதினாத்தான் திருத்துவோம். திருத்தினா பழைய வரிக்கு மேல புது வரி வரும். உங்க பேரு, உறவு, எல்லாம் இருக்கும். யார் வேணா படிக்கலாம். வீட்டுக்கும் ஒரு நகல் அனுப்புவோம்."

பெரியவர் பேனாவைத் திறந்து, அந்தக் கட்டத்தின் மேல் வைத்தார். இரண்டு அங்குலம் நீளம், அரை அங்குலம் உயரம். ஆயிரக்கணக்கான பத்திரங்களில் இன்னாருக்கு இன்னார் தந்தை என்று எழுதிய கை.

"ஐயா, பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

"வீட்ல போய் எழுதிக் கொண்டுவரேன்" என்றார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைதான்."

6

மேசை மேல் அந்தப் படிவம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில்தான் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். 'பெரியவர்' என்று எழுதினால் கவுண்டரில் வாங்க மாட்டார்கள். எனவே முதல் பகுதியில் 'அவர் நான் அல்ல' என்று எழுதியதை இங்கே அடிக்கிறேன். ஒப்பமும் இடுகிறேன்.

அது சளி இல்லை.

என் அழுகையைக் கேட்டவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் சம்பளத்துக்குக் கேட்டார். அவரைப் பற்றி அடிக்கடி கனவு காண்கிறேன். ஜன்னல் இல்லாத அறை, காதில் கறுப்புக் கருவி, முன்னால் ஆறிப்போன தேநீர். என் மூச்சை அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். நான் கதவைத் திறந்து உள்ளே போகிறேன், நாக்கு எழவில்லை. "தெரியும், நீங்க பேச மாட்டீங்க" என்று அவரே எழுந்து நாற்காலி போடுகிறார். முகம் மட்டும் ஒருநாளும் தெரிவதில்லை.

அவரிடம் எனக்கு இப்போது வேறொரு புகார் இருக்கிறது. வாலு அந்தப் பதினோரு வருஷத்தில் ஏழு தடவை, "அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்று கேட்டாள். முதல் தடவை சாதாரணமாக. குழந்தை பிறந்த மாதம் கெஞ்சி. ஏழாவது தடவை, கேட்டுவிட்டு அவளே, "வேணாம், விடுங்க" என்றாள். நூற்று முப்பது குறிப்புகளையும் படித்துவிட்டேன். வெயில் இருக்கிறது, பல் இருக்கிறது, என் மூக்குறிஞ்சல் இருக்கிறது. அது மட்டும் இல்லை. ஒரு பெண் அம்மாவைக் கேட்பது அரசாங்கத்துக்கு எதற்கு? விட்டுவிட்டார்கள்.

என் மனைவிக்குத் தனியாக ஒரு கைப்பேசி வந்தபோது அந்த எண்ணை மகளுக்குச் சொல்ல என்னைத் தவிர யாருமில்லை. நான் சொல்லவில்லை.

கடைசிக்கு முந்தைய மாதம் வாலு சொன்னாள்: "அடுத்த தடவை நான் பேச மாட்டேன். நீங்க பேசணும். ஒரு வார்த்தை போதும்." அடுத்த திங்கட்கிழமை மூன்று மணிக்கு மணி அடித்தது. எடுத்தேன். குறிப்பு இப்படி இருக்கிறது: "பெண் பேசவில்லை. ஆணும் பேசவில்லை. ஆறு நிமிடம். பொருட்படுத்த வேண்டியதில்லை." அதற்குப் பிறகு குறிப்பு எதுவும் இல்லை. எட்டு வருஷமாகிறது.

அந்த ஆறு நிமிடமும் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று எழுதலாம். அழகாக இருக்கும். [அந்த ஆறு நிமிடமும் நான் ஒரு சொல்லைத்] இல்லை. சொல் இருந்தது. முதலில் அவள் இறங்கி வரட்டும் என்றிருந்தேன். அவள் நூற்று முப்பது தடவை இறங்கி வந்திருந்தாள்.

7

முடிவுகள் என்னிடம் இரண்டு இருக்கின்றன.

முதலாவது: படிவத்தை நிரப்பிக் கொடுக்கிறேன். 'சளி'யை அடித்துவிட்டு, விடுபட்டதை எழுதுகிறேன்: அம்மாவைக் கூப்பிடச் சொன்னாள், ஏழு முறை. உறவு: தந்தை. ஊருக்கு ஆள் கிடைத்துவிடும். முடிதிருத்தும் கடையில் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள், அல்லது போட மாட்டார்கள். ஆனால் என் மனைவி அதை மருமகள் வாயால், துணி மடிக்கும் நேரத்தில், ஊரோடு ஊராகத் தெரிந்துகொள்வாள். அது கூடாது.

இரண்டாவது: கிழித்துப் போடுகிறேன். மானம் தப்பும். மகள் தன்னை நினைக்கவில்லை என்ற எண்ணத்தோடு என் மனைவி மிச்ச வருஷங்களையும் கழிப்பாள். இதுவரை இப்படித்தான் போகிறது. புதிதாக எதுவும் செய்ய வேண்டாம். அதனாலேயே இதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

வாயால் சொல்லிப் பார்த்தேன். நேற்று அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். "என்ன?" என்றாள். "ஒண்ணுமில்லை" என்று எழுந்து வந்துவிட்டேன். எழுதத்தான் எனக்கு வரும். நான் எழுதும் கதைகளை அச்சுக்கு முன் படிப்பவள் அவள் ஒருத்திதான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். எனவே இன்று மதியம் முதல் ஆறு பகுதிகளையும் அவளிடம் கொடுத்தேன். "புதுக் கதையா? பெருசா இருக்கே" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். அடியில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். அதில் அந்த நிருபர் வீட்டு எண் இருக்கிறது. அது கறுப்புக் கட்டமாக இல்லை, ஊருக்கே தெரியும். அவளுக்குத்தான் தெரியாது.

தாள் புரளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இந்த ஏழாவது பகுதியை எழுதுகிறேன். இரண்டாவது பகுதியில் ஒரு தடவை சிரித்தாள். நாலாவதில் வெகு நேரம் தாள் புரளவில்லை. ஐந்து வேகமாகப் போயிற்று. ஆறில் இருக்கிறாள்.

அவள் என்ன சொல்வாள் என்று எழுத என்னால் முடியும். நாற்பது வருஷ அனுபவம். அவள் குரல் எனக்குத் தெரியும். அழவைக்கலாம், அறையவைக்கலாம், மன்னிக்கவைக்கலாம். எழுத மாட்டேன். பதினோரு வருஷம் அவள் பேச வேண்டியதை எல்லாம் அவளைக் கேட்காமல் நான் முடித்து வைத்திருக்கிறேன். இந்த ஒன்றை அவளே பேசட்டும்.

சத்தம் நின்றுவிட்டது. நாற்காலி நகர்கிறது.

வாசகரே, இவ்வளவு தூரம் கேட்டுக்கொண்டு வந்தீர்கள், நானும் விட்டேன். அவள் இப்போது இந்த அறைக்கு வருகிறாள். தயவுசெய்து எழுந்து போய்விடுங்கள். இனி நாங்கள் பேச வேண்டும்.